தந்தை பெயர் இல்லாத பதிவு

கேள்வி: என் கணவரின் இங்கிலாந்து மூதாதை ஒருவரின் 1822 ஞானஸ்நானப் பதிவில் தந்தை பெயர் இல்லை. ‘முறைகேடாகப் பிறந்தது’ என்று குறித்திருக்கிறார்கள். வம்சாவளியில் அப்படியே எழுதலாமா? தந்தையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பாதிரியாரின் வசவை மேற்கோள் குறிக்குள், குறிப்புப் பகுதியில் மட்டும் எழுதுங்கள், பெயருக்குப் பக்கத்தில் வேண்டாம். 1813 முதல் வந்த அச்சுப் படிவத்தில் தொழில் கட்டத்தையும் பாருங்கள். தாய் என்ன வேலை செய்தாலும் அங்கே பெரும்பாலும் ‘மணமாகாதவள்’ என்றே எழுதிவிடுவார்கள்.

தந்தையைத் தேட கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஆவணக் காப்பகத்தில் ஊர்ச்சபையின் ஏழை நிவாரணத் தாள்களைக் கேளுங்கள். குழந்தையின் செலவு ஊர் தலையில் விழாமலிருக்க, தாயை நீதிபதி முன் நிறுத்தி விசாரித்து, தகப்பனிடம் ஜாமீன் பத்திரம் வாங்குவார்கள். ஆக, அந்தத் தாள்கள் அழியாமல் இருந்தால் அவன் பெயர் அவற்றில் இருக்கக்கூடும்! குழந்தையின் நடுப்பெயரும் சில சமயம் அவனது குடும்பப் பெயரே. பிள்ளையின் பிற்காலத் திருமணப் பதிவில் வரும் தந்தை பெயரை மட்டும் உடனே நம்பாதீர்கள். மானம் காக்கக் கற்பனையாகச் சொன்னதாகவும் இருக்கலாம்.