நம்பர் தராமல் பில் கேட்கலாமா?

கேள்வி (வாசகி, ஈரோடு): கிரைண்டர் பழுதாகிவிட்டது, புதிது வாங்கலாமா என்று காலையில் மாமியாரும் நானும் சமையல்கட்டில் பேசிக்கொண்டிருந்தோம். நான் போனில் எதையும் தேடவில்லை. மாலைக்குள் டில்டிங் கிரைண்டர் விளம்பரம் வந்துவிட்டது. போன் ஒட்டுக் கேட்கிறதா?

பதில்: நீங்கள் தேடவில்லை, சரி. வீட்டில் வேறு யாராவது தேடினார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வைஃபையில் இருக்கும் போன்கள் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியோடுதான் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வெளியே தெரியும். உங்கள் கணவரோ மாமனாரோ ஏதாவது ஒரு கடையின் தளத்தில் விலை பார்த்திருந்தால் போதும். அந்தப் பக்கத்தில் பதிந்திருக்கும் கண்காணிப்பு நிரல் செய்தியை விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். இவர்கள் ஒரே வீட்டார் என்று கணக்குப் போட்டு, மற்ற போன்களுக்கும் அதே விளம்பரத்தைத் தள்ள முடியும்.

அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் சில செயலிகள் திரையில் நடப்பதை வீடியோவாகப் பிடித்து வெளியே அனுப்பியது தெரிந்தது. மைக்கை விட எனக்கு இதுதான் அதிகக் கவலை.

சந்தேகம் தீரவில்லையா? ஆண்ட்ராய்டு 12 முதல், மைக் திறந்தால் திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் எரியும். ஐபோனில் ஆரஞ்சுப் புள்ளி. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் பிரைவசி டாஷ்போர்டு போனால் கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு மைக்கைத் தொட்டது என்று வரிசையாகத் தெரியும். டார்ச் செயலிக்கும் காலண்டர் செயலிக்கும் மைக் எதற்கு? அனுமதியை அங்கேயே ரத்து செய்துவிடுங்கள்.

கேள்வி (வாசகர், மதுரை): துணிக்கடையில் பில் போட போன் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தால் என்ன ஆகிவிடும்?

பதில்: பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கடை தன் வாடிக்கையாளர்களின் நம்பர் பட்டியலைக் கூகுள், ஃபேஸ்புக் விளம்பரத் தளங்களில் ஏற்ற முடியும். ஏற்றும்போது நம்பர்கள் சங்கேத எழுத்துகளாக மாற்றப்படும். ஆனால் உங்கள் கணக்கில் உள்ள நம்பரையும் அவர்கள் அதே முறையில் மாற்றி வைத்திருப்பதால், இரண்டும் பொருந்திவிடும். ரொக்கம் கொடுத்து வாங்கிய பட்டுப்புடவை இப்படித்தான் உங்கள் இணைய வாழ்க்கையோடு ஒட்டிக்கொள்கிறது. பிரவுசரில் எதை அழித்தாலும் இந்த ஒட்டு விடாது. குக்கீ (உங்களை அடையாளம் காண தளங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு கோப்பு) மாறும், போன் மாறும். நம்பரை நாம் பத்து வருஷமானாலும் மாற்றுவதில்லையே.

நம்பர் தராவிட்டால் பில் இல்லை என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ‘நம்பர் இல்லாமல் பில் போடுங்கள்’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். மென்பொருள் விடாது என்பார்கள். மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் 1909-க்கு START 0 என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பர அழைப்புகளும் எஸ்எம்எஸ்களும் குறையும். ஆனால் ஃபேஸ்புக் விளம்பரத்தையோ வாட்ஸ்அப்பில் வரும் கடைச் செய்தியையோ அது தடுக்காது.

கேள்வி (வாசகி, திருச்சி): பிரவுசரின் இன்காக்னிட்டோவில் (பார்த்த பக்கங்களைப் போனில் பதிந்து வைக்காத முறை) பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?

பதில்: உங்கள் போனை அடுத்து எடுப்பவருக்குத் தெரியாது. இணைய சேவை தரும் நிறுவனத்துக்கும், நீங்கள் போகும் தளத்துக்கும் தெரியும்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): விளம்பர ஐடியை நீக்கச் சொல்கிறார்கள். எப்படி?

பதில்: விளம்பர ஐடி என்பது விளம்பர நிறுவனங்கள் உங்கள் போனை அடையாளம் காணப் பயன்படுத்தும் எண். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் ஆட்ஸ். சில போன்களில் பிரைவசிக்குள் இருக்கும். அங்கே ‘ரீசெட்’, ‘டிலீட்’ என்று இரண்டு வழி உண்டு. ரீசெட் கொடுத்தால் புது ஐடி பிறந்து கண்காணிப்பு மறுபடி தொடங்கும், டிலீட்தான் வேண்டும். பிறகு செயலிகள் கேட்டால் வெறும் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கும். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிராக்கிங் போய், செயலிகள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடுங்கள்.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். லாகின் செய்திருக்கும் கணக்குக்கு ஐடியே தேவையில்லை. கூகுளின் மை ஆட் சென்டரில் ‘பெர்சனலைஸ்டு ஆட்ஸ்’ அணைக்க வேண்டும். ஃபேஸ்புக்கின் அக்கவுண்ட்ஸ் சென்டரில், வெளித் தளங்களிலிருந்து வந்து சேர்ந்த உங்கள் நடவடிக்கைகளைத் துண்டிக்க வேண்டும். குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நீங்கள் பார்க்கும் தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் போடும் குக்கீகளைத் தடுங்கள். ஏதாவது தளத்தில் லாகினோ பணம் கட்டுவதோ சிக்கினால், அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. உங்களைக் குறி வைப்பதுதான் குறையும்.

கேள்வி (வாசகி, சேலம்): பன்னிரண்டு வயது மகன் என் போனில்தான் கேம் விளையாடுகிறான். குழந்தைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா?

பதில்: உண்டு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறி வைத்து விளம்பரம் காட்டுவதையும் தடை செய்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஆனால் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டம் முழுதாக வந்த பிறகும் உங்கள் வீட்டில் ஒரு ஓட்டை இருக்கும். உங்கள் போனில், உங்கள் கணக்கில் விளையாடும் வரை அவன் குழந்தை என்று யாருக்கும் தெரியாது. பெரியவருக்கான விளம்பரங்களே வரும். அவனுடைய உண்மையான பிறந்த தேதியோடு ஃபேமிலி லிங்க்கில் (பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் மேற்பார்வையிட கூகுள் தரும் செயலி) தனிக் கணக்கு தொடங்கி, வீட்டில் கிடக்கும் பழைய போனில் அதைப் போட்டுக் கொடுங்கள்.