முதலில் பின்கதவு, கேமரா அப்புறம்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டியது எங்கள் குடியிருப்பு. மொத்தம் 22 வீடுகள். பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கும். சொந்தக்காரர்கள் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். போன மாதம் அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் புகுந்து டிவி, கேஸ் சிலிண்டர், பித்தளைப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய் போட்டு கேமரா வைக்கலாம், பையன்கள் முறை வைத்து ராத்திரி ரோந்து போகலாம் என்று பேச்சு நடக்கிறது. எழுபது தாண்டிய என் அப்பாவும் அம்மாவும் அங்கே தனியாக இருக்கிறார்கள். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். இந்த ஏற்பாடு போதுமா?
– ஒரு வாசகி

பதில்: ரோந்தை முதலில் கைவிடச் சொல்லுங்கள். காவல் துறையில் முப்பது வருஷம் இருந்தேன், அதில் பாதி மலையில்தான். சமவெளித் தெருக்களுக்குச் சரிப்படும் யோசனை இது. கோத்தகிரியில் இருட்டின பிறகு தேயிலை ஓரமாக டார்ச்சோடு நடக்கிற பையன், திருடனைப் பார்ப்பதற்கு முன்னால் கரடியைப் பார்ப்பான். இல்லாவிட்டால் வளைவில் நிற்கும் காட்டுமாட்டின் மேலேயே போய் மோதுவான். எண்ணெய் வாசத்துக்குக் கரடியே சமையலறைக் கதவை உடைக்கிற ஊர் அது. ராத்திரி பின்பக்கம் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது, உள்ளேயிருந்தே விளக்கைப் போட்டுவிட்டு போன் செய்ய வேண்டும் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். வந்தது எதுவானாலும் இதுதான் வழி.

ரோந்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தெரியாத முகத்தைப் பார்த்ததும் நாலு பேர் கூடிவிடுவார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து ஊரே அடித்ததில் ஒரு வயதான அம்மா செத்தே போனார். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவர்கள் இருப்பார்கள். எது காணாமல் போனாலும் முதலில் அவர்கள் பக்கம் விரல் நீட்டுகிற பழக்கத்தை உங்கள் குழுவில் யாராவது ஒருவர் அடக்கியே ஆக வேண்டும். நான் பார்த்த வழக்குகளில், எந்த வீடு எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தவன்தான் பெரும்பாலும் உள்ளே போயிருந்தான். அதைத் தெரிந்துகொள்ள வெளி மாநிலத்திலிருந்து வர வேண்டியதில்லை.

கண்ணெதிரே திருடுபவனைப் பிடித்து வைக்கலாமா என்று கேட்பீர்கள். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவின்படி ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கை வைத்தால் வழக்கு உங்கள் மேலும் வரும்.

இனி கேமரா. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 22 வீட்டுக்காரர்களும் அதை நம்பித் தூங்கிவிடுவார்களே என்றுதான் பயப்படுகிறேன். ராத்திரியில் கேமரா தன் அகச்சிவப்பு வெளிச்சத்தை வைத்துத்தான் பார்க்கிறது. மூடுபனி இறங்கினால் அந்த வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பி வந்து திரை முழுக்க வெள்ளையாகிவிடும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காக லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் எல்லாமே படுத்துவிடும். வைப்பதானால் குடியிருப்புக்குள் வண்டி நுழையும் இடத்தில் ஒன்று, நடைபாதை தேயிலைக்குள் இறங்கும் இடத்தில் ஒன்று, அதுவும் யூபிஎஸ்ஸோடு வையுங்கள். பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். திருடன் போகும்போது அதையும் சேர்த்து எடுத்துப் போவான். பெட்டியில் ஓடும் தேதியும் நேரமும் சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு வழக்கில் எங்களுக்குத் தெளிவான முகமே கிடைத்தது, ஆனால் கேமராவின் கணக்குப்படி அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய ராத்திரி!

மிச்சப் பணத்தைக் கதவுகளுக்குச் செலவிடுங்கள். உங்கள் வீடு நான் பார்த்ததில்லை, இருந்தாலும் ஒன்றை ஊகிக்க முடிகிறது. மழைக்காலத்தில் மரம் உப்பி பின்கதவின் தாழ்ப்பாள் துளைக்குள் இறங்காது. அப்பா ரெண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துப் படுத்துவிடுவார். மலையில் நான் ஏறி இறங்கிய முதியவர்கள் வீடுகளில் பாதியில் அந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறேன். ஆசாரியை வரவழைத்துத் தாழ்ப்பாள் துளையை ஒரு நூல் அகலப்படுத்தச் சொல்லுங்கள். கதவின் அடி விளிம்புக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை, ஈரம் ஏறுவது அங்கேதான். மழை விட்டு மரம் காய்ந்ததும் அதற்கும் இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். பூட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது தொங்கும் நாதாங்கி அரை இஞ்சு ஸ்க்ரூவில் நின்றால் ஒரு கம்பி போதும். ஸ்க்ரூவை எடுத்துவிட்டுக் கதவின் அந்தப் பக்கம்வரை போகும் போல்ட் நட்டு போடுங்கள்.

சரிவில் கட்டிய வீடாக இருந்தால் மேல் ரோட்டில் நின்று ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் கூரைத் தகரமும் ஓடும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். முன்பக்கம் கிரில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம், கூரையை நினைத்தே பார்த்திருக்க மாட்டோம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நான் சொல்வது பகல் காவல். படகர்களின் ஊர்களான பழைய ஹட்டிகளில் வீடுகள் சுவரோடு சுவராக வரிசையாக நிற்கும். வாசலில் யார் கால் வைத்தாலும் நாலு பாட்டிகள் பார்ப்பார்கள். உங்கள் குடியிருப்பில் அது இல்லாததால் ஏற்பாடாகச் செய்துகொள்ள வேண்டும். ஊரில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு பூட்டிய வீடுகளைத் தத்தெடுக்கட்டும். வாசலில் புல் மண்டாமல், கதவிடுக்கில் கடிதமும் பில்லும் சேராமல், வாரம் இருமுறை பகலில் சுற்றி வந்து ஜன்னல் பார்த்தால் போதும். வெளியூர்க்காரர்கள் அவர்களுக்குத் தங்கள் போன் நம்பரைக் கொடுத்து, வருவதையும் போவதையும் சொல்ல வேண்டும். ஸ்டேஷனிலும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, ரோந்து போலீசார் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை உங்கள் குடியிருப்பில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். நகையைப் பூட்டிய வீட்டில் வைக்கவே கூடாது. பேங்க் லாக்கரில் திருட்டுப் போனாலும் ரிசர்வ் வங்கி விதிப்படி ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான் ஈடு. அப்படியும் பீரோவைவிட அது மேல்.

உங்கள் பெற்றோர் விஷயத்தில் பூட்டை உடைப்பவனைவிட, கதவைத் தட்டிவிட்டு வருபவனைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். “அம்மா, நான் போலீஸ். இந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தி. செயினைக் கழற்றிப் பேப்பர்ல மடிச்சு உள்ளே வைங்க” என்பான். அவனே மடித்தும் கொடுப்பான். அவன் போன பிறகு பிரித்தால் உள்ளே கல் இருக்கும். நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று வருவதும் இதே ஜாதிதான். நகையைக் கழற்றச் சொல்கிற போலீஸ் கிடையவே கிடையாது. போலீஸ் என்று சொல்லி போனிலேயே மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’டும் அப்படித்தான், நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு.

அம்மாவுக்குப் பத்து எச்சரிக்கை சொல்லாதீர்கள், மறந்துவிடுவார். ஒரே வாக்கியம் பழக்குங்கள்: “பொண்ணைக் கேட்டுட்டுத்தான் சொல்வேன்.” சொல்லிவிட்டு கிரிலைத் திறக்காமல் உள்ளே போய்விட வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவருக்குத் தெரியாத உங்கள் நண்பர் ஒருவரை அனுப்பி, கேஸ் கனெக்ஷன் பார்க்க வந்ததாகச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா கதவைத் திறந்துவிட்டால் கோபப்படாமல் இன்னொரு தடவை பழக்குங்கள்.

ஆபத்துக்கு 112. ‘காவல் உதவி’ செயலியில் சிவப்புப் பொத்தான் உண்டு, ஆனால் உங்கள் சரிவில் சிக்னல் எப்படியோ! அதனால் என் வீட்டில் நானே செய்திருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒயர் இல்லாத காலிங் பெல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பொத்தானை அப்பாவின் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள், மணியைப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். இன்டர்நெட் தேவையில்லை. பேட்டரியில் ஓடும் மணியாக வாங்கினால் கரண்டும் வேண்டாம். சுவர் தடித்திருந்தால் எட்டாமல் போகலாம்; வாங்கும் முன் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, ஒருவரை அந்த வீட்டில் நிறுத்தி அழுத்திப் பாருங்கள்.