கிளி வளர்ப்புக்குத் தமிழில் ஓர் இணையதளம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆறு ஆண்டுகளாக வீட்டில் லவ் பேர்ட்ஸும் காக்டெயிலும் வளர்த்து வருகிறேன். சந்தேகம் வரும்போதெல்லாம் ஆங்கிலத் தளங்களையே நாட வேண்டியிருப்பதால், தமிழில் ஒரு தளம் தொடங்க விரும்புகிறேன். கணினிப் பயிற்சி அதிகம் இல்லை. எதில் தொடங்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குங்கள். தளத்தின் முதல் பக்கம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜி என்ற சிறு கிளி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பருத்த உடலும் குட்டை வாலும் கொண்ட வேறு இனம். கடைக்காரர்கள் அதை "ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்பார்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்காமல் தீனி, கூண்டு, இனப்பெருக்கம் என்று எதை எழுதினாலும், படிப்பவர் தம் பறவைக்குப் பொருந்தாததைச் செய்துவிடக்கூடும். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகக் காட்டி, வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, நள்ளிரவில் கைபேசியை வைத்துக்கொண்டு பதற்றத்துடன் தேடுபவருக்காக ஓர் அவசரப் பக்கம் எழுதுங்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வெறுமனே காயவிட்டு மறந்துபோனால், அளவுக்கு மீறிச் சூடான பூச்சிலிருந்து வரும் புகை, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாத நிலையிலும், கூண்டில் இருக்கும் கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடக்கூடும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் பறவையின் சுவாசத்துக்குக் கேடு. அவகாடோ, சாக்லேட், காபி, மது ஆகியவை நஞ்சு. நம் சமையலறையைப் பெயர் சொல்லிக் காட்டும் இத்தகைய எச்சரிக்கையை ஆங்கிலத் தளங்கள் நமக்காக எழுதித் தரப்போவதில்லை.

நோயைப் பற்றி எழுதும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. கிளி தன் நோயை மறைத்துக்கொள்ளும் பறவை; அது இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால், நோய் முற்றிவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதற்கு முன்பே கண்டுபிடிக்கும் வழியை நீங்கள் செய்து காட்டலாம். கிராம் கணக்குக் காட்டும் சமையலறைத் தராசில் ஒரு சிறு கிண்ணத்தை வைத்து, அதில் கொஞ்சம் தினையைத் தூவி, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, பழகிய பட்ஜியைக் காலையில் தீனிக்கு முன் அதில் ஏறவிடுங்கள். 35 கிராம் இருந்த பறவை 31 கிராமுக்கு வந்துவிட்டால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இதை நான்கு படங்களுடன் எழுதினால் அந்த ஒரு பக்கமே பல பறவைகளைக் காப்பாற்றும். ஆனால் ஆன்டிபயாடிக் மருந்தின் அளவை மட்டும் எழுதவே வேண்டாம். இத்தனை சிறிய உடலுக்கு ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. உங்களுக்கு அருகில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோய் பற்றிய பக்கங்களை அங்குள்ள மருத்துவர் ஒருவர் படித்துப் பார்த்தபின் வெளியிடுவதும், அவர் சம்மதித்தால் அதைப் பக்கத்தில் குறிப்பிடுவதும் நல்லது.

தொழில்நுட்பம் இவற்றைவிட எளிது. தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். தளத்தின் பெயருக்கும், தளத்தை இணையத்தில் வைக்கும் இடத்துக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. "வளர்ப்பு" போன்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதால், ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய சிறிய பெயராகத் தேர்ந்தெடுங்கள். தளத்தை வேறொருவர் அமைத்துத் தந்தாலும், பெயர்ப் பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். நான் முன்பு நடத்திய சிறு தளத்தை, பதிவு செய்து தந்தவர் ஊர் மாறிப் போய்விட்டதால் புதுப்பிக்க முடியாமல் இழந்தேன். நான்கு ஆண்டு உழைப்பு அதோடு போயிற்று.

கேள்வி: பச்சைக்கிளியைப் பேசப் பழக்குவது பற்றி என் தளத்தில் எழுதலாமா? அதைத்தான் பலர் கேட்கிறார்கள்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எழுதக் கூடாது. பச்சைக்கிளி உள்ளிட்ட இந்தியக் கிளியினங்களைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பச்சைக்கிளி அச்சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. கிளி ஜோசியக்காரரின் சிறு கூண்டைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது குற்றமாகத் தோன்றுவதில்லை. அதனாலேயே உங்கள் தளம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேசப் பழக்குவதைத் தேடி வருபவரைத் திருப்பி அனுப்பிவிடாமல், அதே தலைப்பில் சட்டத்தைச் சொல்லி, கையிலிருக்கும் பறவையை என்ன செய்வது என்பதையும் விளக்குங்கள். இறகு வெட்டப்பட்டு, இரை தேடவே கற்காத கிளியை மொட்டை மாடியில் நின்று பறக்கவிடுவது அதைக் காக்கைக்குக் கொடுப்பதற்குச் சமம். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. வெளிநாட்டு இனங்களில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை, 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜியும் காக்டெயிலும் அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: தளம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. நாளொன்றுக்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை. பணம் கொடுத்து விளம்பரம் செய்யலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தப் பணத்தை இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள். நீங்கள் அனுப்பிய கட்டுரைப் பட்டியலில் "பட்ஜி இனப்பெருக்க மேலாண்மை" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அப்படி யாரும் தேடுவதில்லை. "லவ் பேர்ட்ஸ் முட்டை எத்தனை நாளில் பொரிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். அதையே தலைப்பாக வைத்து, முதல் வரியிலேயே "பட்ஜி முட்டை என்றால் சுமார் 18 நாள்" என்று பதிலைச் சொல்லிவிடுங்கள். பிறகு, பெண் பறவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடுவதால் குஞ்சுகளும் முன்பின்னாகவே வரும் என்பதையும், முதல் குஞ்சு வந்ததும் மற்ற முட்டைகளைக் கூமுட்டை என்று எண்ணி, கூடாக வைத்த பானையிலிருந்து எடுத்து எறிந்துவிடக் கூடாது என்பதையும் விளக்குங்கள். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் தளத்தை இணைத்தால், என்ன சொற்களைத் தேடி உங்களிடம் வருகிறார்கள் என்பது தெரியும். அடுத்த கட்டுரைக்கான தலைப்பை அதிலிருந்தே எடுக்கலாம்.

செய்தியைப் படத்துக்குள் எழுதி வெளியிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தேடுபொறி எழுத்தாக இருப்பதையே நன்றாகப் படிக்கும். தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்னது போன்ற அவசரப் பக்கத்தை எழுதி, ஒரே தாளில் அச்சிட்டு, கீழே க்யூஆர் குறியீட்டைச் சேர்த்து, தீனிக் கடையிலும் கால்நடை மருத்துவமனையிலும் அனுமதி கேட்டு ஒட்டுங்கள். கிளி வளர்ப்பவர்கள் எல்லோரும் மாதத்துக்கு ஒருமுறையாவது தினையும், பறவை கொத்தித் தின்னும் கணவாய் மீன் ஓடும் வாங்க வந்து நிற்கும் இடம் அந்தத் தீனிக் கடைதான்.

கேள்வி: தளத்தில் பறவை விற்பவர்களின் விளம்பரத்தை ஏற்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: தீனி, கூண்டு விற்பவர்களின் விளம்பரத்தை, விளம்பரம் என்று குறிப்பிட்டு ஏற்கலாம். பறவை விற்பவர்களுடையதை ஏற்க வேண்டாம். இறகு முளைக்காத குஞ்சை "கையில் ஊட்டி வளர்த்தால் நன்றாகப் பழகும்" என்று விற்கிறார்கள். அனுபவம் இல்லாதவர் ஊட்டும் கூழ் மூச்சுக்குழலில் இறங்கி அந்தக் குஞ்சு இறந்துபோவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.