இணையப் பக்கத்தில் கணிதம் எழுதுவது எப்படி? மேத்எம்எல் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பின்னம், வர்க்கமூலம் எல்லாவற்றையும் படமாகத்தான் போடுகிறேன். கணிதத்தை டேகுகளால் எழுதும் மேத்எம்எல் (MathML) குரோம் உலாவியில் வராது என்கிறார்களே?

பதில்: இப்போது வரும். 2023 ஜனவரியில் வந்த குரோம் 109 முதல் அதிலும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. படத்தை விட்டுவிடுங்கள். பெரிதாக்கினால் மங்கும், தேடலில் அகப்படாது. படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை எழுத மறந்தால், பார்வையற்ற மாணவருக்கு அந்தச் சமன்பாடே இல்லை.

கேள்வி: 1-இன் கீழே 2 + 3 வர வேண்டும். பின்னத்துக்கான எம்ஃப்ராக் (mfrac) டேகுக்குள் 1, 2, +, 3 என வரிசையாகப் போட்டேன். கோடே விழவில்லை.

பதில்: எம்ஃப்ராக்குக்குள் நேரடியாக இரண்டே டேக் இருக்க வேண்டும்: முதலாவது தொகுதி, அடுத்தது பகுதி. நீங்கள் நான்கு வைத்ததால் உலாவி அதைப் பின்னமாக ஏற்காமல் ஒரே வரியில் அடுக்கிவிட்டது. 2, +, 3 மூன்றையும் பலவற்றை ஒன்றாகச் சேர்க்கும் எம்ரோ (mrow) டேகுக்குள் கட்டுங்கள், கோடு வந்துவிடும்.

அடுக்குக்கான எம்சூப் (msup) டேகிலும் இதே கணக்குதான். (2 + 3)² எழுதும்போது பலர் மூடும் அடைப்புக்குறியை மட்டும் எம்சூப்புக்குள் வைத்து அதன் தலையில் 2 போடுகிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் பொருள் 'அடைப்புக்குறியின் வர்க்கம்' என்றாகிவிடும். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானும் அப்படியே படிக்கும். முழு அடைப்பையும் எம்ரோவில் வைத்து, அதற்கு அடுக்குக் கொடுங்கள். கனமூலத்துக்கு எம்ரூட் (mroot): உள்ளே இருக்கும் எண் முதலில், 3 பிறகு. இதை மாற்றிப் போடாதவர் குறைவு.

கேள்வி: சைன் என்பதன் மூன்று ஆங்கில எழுத்தும் சாய்ந்து நிற்கிறது சார்.

பதில்: ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி எம்ஐயில் (mi, மாறி, சார்புப் பெயர்களுக்கான டேக்) போட்டிருப்பீர்கள். ஒற்றை எழுத்து தானாகச் சாயும். மூன்றையும் ஒரே எம்ஐக்குள் போடுங்கள். தமிழ்ச் சொல் வந்தால் எம்டெக்ஸ்ட் (mtext) டேக்.

கேள்வி: பின்னத்தைச் சுற்றிய அடைப்புக்குறி குட்டையாகவே நிற்கிறது. அடைப்புக்குறி போடும் எம்ஃபென்ஸ்டு (mfenced) டேகைப் போட்டால் குறியே காணோம்.

பதில்: எம்ஃபென்ஸ்டு குரோமில் இல்லை. குறிகளை அவற்றுக்கான எம்ஓ (mo) டேகில் எழுதி, பின்னத்தோடு ஒரே எம்ரோவில் வையுங்கள். அப்படியும் நீளாவிட்டால் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸைப் (CSS) பாருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றுக்கும் ஒரே தமிழ் எழுத்துருவைக் கொடுத்திருந்தால் அது கணிதத்தையும் பிடித்துக்கொள்ளும். குறி நீள்வதற்கான அளவுகள் கணித எழுத்துருவில்தான் இருக்கும். மேத் டேகுக்கும் அதன் உள்ளிருப்பவற்றுக்கும் ஸ்டிக்ஸ் டூ மேத் அல்லது லத்தீன் மாடர்ன் மேத் என்று தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: 'விடச் சிறியது' குறி போட்டால் பின்னால் வருவது மறைகிறதே?

பதில்: குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால் உலாவி அதை டேக் என்றே எடுத்துக்கொள்ளும். ஆம்பர்சண்ட், எல், டி, அரைப்புள்ளி நான்கையும் இடைவெளியில்லாமல் எம்ஓவுக்குள் எழுதுங்கள்.