தினமும் பேசுகிற ஒருவரோடு ஆரம்பியுங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், "எல்லாம் ஒரே கம்பெனி கையில் இருக்கக் கூடாது, வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு வீட்டோடு கட்டற்ற செயலிக்கு மாறுவோம்" என்கிறான். எங்கள் சொந்தபந்தங்கள் குரூப்பிலேயே அறுபது பேர் இருக்கிறார்கள். இது நடக்கிற காரியமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, மேலூர்)

பதில்: பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டற்ற செயலி என்றால், அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் அறுபது பேரையும் கிளப்பிக்கொண்டு போக முடியாது, போகவும் வேண்டாம். காதுகுத்துப் பத்திரிகை அந்த குரூப்பிலேயே வரட்டும். தினமும் பேசுகிற ஒரே ஒருவரோடு ஆரம்பியுங்கள். நான் என் அம்மாவோடு ஆரம்பித்தேன்.

வாட்ஸ்அப்பில் நாம் எழுதுவதை நடுவில் யாரும் படிக்க முடியாது. 2016 முதலே பூட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம் ஒரே இடத்துக்குப் போகிறது. அந்த இடம் முடங்கினால் எல்லாரும் முடங்க வேண்டியதுதான். 2021 அக்டோபர் 4 ராத்திரி உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் அப்படி ஆனது. எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் எல்லாம் வேறு மாதிரி. இவை தனிச் செயலிகள் அல்ல, பல செயலிகளும் சர்வர்களும் செய்தி பரிமாறிக்கொள்ள வைத்திருக்கும் பொது விதிமுறைகள். ஏர்டெல் சிம்மிலிருந்து பிஎஸ்என்எல்லுக்குப் பேசுகிறோம் இல்லையா, அதுபோல உங்கள் கணக்கு ஒரு சர்வரிலும் தங்கச்சியின் கணக்கு வேறொரு சர்வரிலும் இருந்தாலும் பேசிக்கொள்ளலாம். எக்ஸ்எம்பிபி 1999-இல் ஜாபர் என்ற பெயரில் வந்தது, இன்றும் ஓடுகிறது. மேட்ரிக்ஸுக்கான எலிமென்ட் செயலியை 2023 மே மாதம் மத்திய அரசு தடை செய்த 14 செயலிகளில் சேர்த்துவிட்டார்கள். அதனால் நான் எக்ஸ்எம்பிபி பக்கமே போகச் சொல்வேன்.

அலங்காநல்லூர் பக்கம் இருக்கிற அம்மாவின் போனில், கட்டற்ற செயலிகள் கிடைக்கும் எஃப்-டிராய்டிலிருந்து, எக்ஸ்எம்பிபியில் பேச உதவும் கான்வர்சேஷன்ஸ் செயலியை இலவசமாக இறக்கினேன். போன் நம்பர் தேவையில்லை, மின்னஞ்சல் மாதிரி ஒரு முகவரி போதும். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமம், அதனால் என் கணக்கில் என் முகம் தெரிகிற படத்தை வைத்தேன். குரல் பதிவுக்குப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், கட்டைவிரலை எடுக்காமலே "பாப்பா, கேக்குதா?" என்று ஆரம்பிப்பார்.

மூன்றாம் நாள் செய்தி போய்ச் சேரவில்லை. அம்மா செயலியைத் திறந்தால்தான் மொத்தமாக வந்து விழுந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே செயலியை அடக்கி வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன், சரியானது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் "இது வேலைக்காகாது" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, பேக்கப். போன வருஷம் என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. என் மகளுக்காக அம்மா பாடி அனுப்பியிருந்த தாலாட்டு அதோடு போய்விட்டது. இடம் போதவில்லை என்று அம்மாவும் தன் போனில் அதை அழித்திருந்தார். சர்வரில் தேடி எடுக்க வழியில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது மாதத்தில் ஒரு நாள் செயலியில் பேக்கப் எடுத்து, குரல் பதிவுகளையும் சேர்த்து பென்டிரைவில் போட்டு வைக்கிறேன். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். அம்மா மறுபடி பாடிக் கொடுத்தார். நடுவில் இரண்டு வரி மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கேள்வி: இதற்கு சிக்னல் (Signal) என்ற செயலி போதாதா?
(ஒரு வாசகர், சோழவந்தான்)

பதில்: வீட்டுக்குத் தாராளமாகப் போதும். அதுவும் நிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்திருக்கும் செயலிதான், பூட்டும் உறுதியானது. ஆனால் கணக்குத் தொடங்க போன் நம்பர் வேண்டும், சர்வரும் ஒரே நிறுவனத்துடையது. அம்மா அப்பாவுக்குப் புதிய செயலி பழகவே சிரமம் என்றால் முதலில் சிக்னலே போடுங்கள். ஆறு மாதம் கழித்து, எக்ஸ்எம்பிபியை உங்களுக்கும் நண்பர் ஒருவருக்கும் இடையில் ஓட்டிப் பாருங்கள்.