கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 11 வருடமாக டேங்க் ஆபரேட்டராக இருக்கிறேன். மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, பிளீச்சிங் பவுடர் கலப்பது எல்லாம் நான்தான். எட்டாவது வரை படித்தவன். இப்போது ஒன்றியத்தில் 2 நாள் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். தெரிந்த வேலைக்கு எதற்கு அம்மா பயிற்சி? நான் போய்விட்டால் ஊருக்குத் தண்ணீர் விடுவது யார்?
– திருவாரூர் மாவட்ட வாசகர்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் தம்பி. மாற்று ஆள் ஏற்பாடு செய்வது ஊராட்சியின் பொறுப்பு. தேதி தெரிந்த அன்றே செயலரிடம் சொல்லிவிடுங்கள். வருகிறவரைக் கூடவே கூட்டிப்போய், எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று காட்டிக்கொடுங்கள். நாளைக்கு நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் ஊருக்குத் தண்ணீர் வரவேண்டுமே.

சரி, தெரிந்த வேலைக்கு எதற்குப் பயிற்சி? கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர், சுமார் 5,000 பேர். 2000 மே மாதம் அடைமழையில், பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணக் கிருமிகள் ஊர்க் கிணற்றில் கலந்துவிட்டன. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அங்கே தண்ணீர் விட்டவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பரீட்சை எழுதாமல், அனுபவத்துக்காகவே சான்றிதழ் பெற்றவர்கள். குளோரின் குறைவாகப் போட்டார்கள். அளந்து பார்க்காமலே லிட்டருக்கு 0.5, 0.75 மில்லிகிராம் குளோரின் என்று பதிவேட்டில் எழுதினார்கள். கிணற்று நீர் சுத்தம் என்று மனதார நம்பி, குளோரின் போடாத தண்ணீரைத் தாங்களும் குடித்தார்கள். பிறகு வந்த விசாரணையில்தான் இதெல்லாம் வெளியே வந்தது. இன்றைக்கு அந்த மாகாணத்தில் 3 வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பயிற்சி எடுத்த மணிக்கணக்கையும் காட்ட வேண்டும்.

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் உங்கள் கையில் தினமும் புழங்குகிற பவுடரைப் பற்றியே சொல்கிறேன். 1000 லிட்டருக்கு 4 கிராம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அப்போதுதான் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். புதுப் பவுடரில் 33 சதவீதம் வரைகூட இருக்கும். பிரித்த மூட்டையைச் சணலால் கட்டி மோட்டார் ரூமில் போட்டுவைத்தால், வெயிலிலும் ஈரத்திலும் குளோரின் பறந்துவிடும், மிஞ்சுவது சுண்ணாம்பு. ஓர் ஊரில் மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டி துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. இரும்பைத் தின்றது மூட்டையிலிருந்து போன குளோரின்தான். அந்த ஊர்த் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டோம். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும்; மஞ்சள் துளிகூட வரவில்லை. ஆபரேட்டர் அன்று காலையும் அளவு தவறாமல் பவுடர் போட்டிருந்தார்.

அதனால் பயிற்சியில் வேறு எதைக் கோட்டைவிட்டாலும், குளோரோஸ்கோப் (நிறத்தை வைத்துக் குளோரின் அளவு காட்டும் கருவி) வைத்துப் பார்க்கும் வகுப்பை விட்டுவிடாதீர்கள். உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். தொட்டிக்கு அடியில் பார்த்தால் போதாது, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பார்த்த அளவை அப்போதே நோட்டில் எழுதுங்கள். வராவிட்டால் 'வரவில்லை' என்றே எழுதுங்கள். அதை வைத்துத்தான் புதுப் பவுடர் கேட்கவும் குழாயைச் சரிசெய்யச் சொல்லவும் முடியும்.

இந்தப் பயிற்சியை ஒன்றிய அலுவலகக் கூடத்தில் படம் போட்டு நடத்துவதைவிட, ஏதாவது ஓர் ஊர்த் தொட்டிக்கு அடியில் நடத்தலாம். எட்டாவது படித்தவர் என்று நீங்கள் தயங்கவே வேண்டாம். 30-ஐ 4-ஆல் பெருக்கத் தெரிந்தால் போதும்.

கேள்வி: குளோரின் வாடை அடிக்கிறது, டீ கெட்டுப்போகிறது, பவுடரே போடாதே என்று எங்கள் தெருவில் சண்டை. வார்டு உறுப்பினராக நான் என்ன சொல்வது?
– விருதுநகர் மாவட்ட வாசகி

பதில்: போடாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதலில் எப்படிக் கலக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். பவுடரை அப்படியே கொட்டினால் முதல் தெருவுக்கு வாடையும் சுண்ணாம்பும் சேர்ந்து போகும்.

ஒழுங்காகக் கலந்தும் முதல் வீட்டில் வாடை தூக்கலாக, கடைசி வீட்டில் குளோரினே இல்லை என்றால் குழாய்ப் பாதையைப் பாருங்கள். உடைப்பு இருக்கலாம். தண்ணீர் ஏறவில்லை என்று குழி தோண்டிக் குழாயை இறக்கியிருப்பார்கள். தண்ணீர் நின்றதும் குழியில் தேங்கிய அழுக்குநீரை அந்தக் குழாயே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் குழிகளை மூட வைப்பது உங்களால்தான் முடியும். ஆபரேட்டர் சொன்னால் யார் கேட்கிறார்கள்? டீக்கு வேண்டிய தண்ணீரை முந்தின இரவே குடத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடிவைக்கச் சொல்லுங்கள். காலையில் வாடை பெரும்பாலும் போயிருக்கும்.