காது கேளாத விருந்தாளி வருகிறார், சைகை மொழி தெரியாது: என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகனோடு சென்னையில் வேலை பார்க்கும் நண்பர் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் தங்க வருகிறார். பிறவியிலேயே காது கேட்காது, பேசவும் மாட்டார். மகனைத் தவிர எங்கள் யாருக்கும் சைகை மொழி தெரியாது. எப்படிக் கவனித்துக்கொள்வது? - ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் வேலையாக அவருக்கே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடுங்கள். "எங்களுக்குச் சைகை தெரியாது, எப்படிப் பேசினால் உங்களுக்கு வசதி?" என்று நேராகக் கேட்டுவிடலாம், அதில் தப்பே இல்லை. சிலர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், சிலர் எழுதிக் காட்டச் சொல்வார்கள், காது மெஷின் போட்டவர்களில் சிலருக்குக் கொஞ்சம் கேட்கும். எழுதும்போது சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். இந்திய சைகை மொழிக்கென்று தனி இலக்கணம் உண்டு, அதிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி.

உதட்டைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் 'மாமா', 'பாப்பா' என்று சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 'க' பின்வாயில் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. கத்தினால் உதடு கோணும், அவ்வளவுதான். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று சாதாரணமாகப் பேசுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார், "காபியா, டீயா?" என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' இலவசம், தமிழும் உண்டு. நாம் பேசப் பேசத் திரையில் எழுத்தாக ஓடும். பேச்சு வழக்கில் கொஞ்சம் தடுமாறும்தான், ஆனால் எழுதத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால் அவர் பேசுவார், விருந்தாளி படித்துக்கொள்வார், அது பெரிய விஷயம். டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000 சொற்கள் வீடியோவாக இருக்கின்றன. சாப்பாடு, தண்ணீர், போதும், தூக்கம் என்று நாலைந்து பார்த்து வைத்தால் போதும், மீதியை அவரே சொல்லித் தருவார். உங்கள் ஒவ்வொருவருக்கும் மீசை, மச்சம், மூக்குத்தி என்று ஏதாவது ஒன்றை வைத்து அவர் ஒரு சைகைப் பெயரும் வைக்கலாம், அது அவர்கள் வழக்கம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவரோடு ஒருவர் பேசுவதை எப்படியும் சமாளித்துவிடலாம். உண்மையான கஷ்டம், பொங்கலன்று எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசும்போதுதான். யாரோ எதையோ சொல்ல வீடே சிரிக்கும், இவர் மட்டும் முகம் முகமாகப் பார்த்து, கடைசியில் மகனிடம் "என்ன?" என்று சைகை காட்டுவார், அவன் "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பான், அந்த அப்புறம் வரவே வராது. காது கேளாத பலர் சொந்த வீட்டிலேயே இப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள், நம் வீட்டிலாவது அது நடக்கக் கூடாது. எல்லோர் முகமும் தெரிகிற இடத்தில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி அவரை உட்கார வையுங்கள். சிரித்த விஷயத்தை அப்போதே போனில் ஒரு வரி தட்டிக் காட்டுங்கள், அது மொக்கை ஜோக்காக இருந்தாலும் சரி. மகனை முழுநேர மொழிபெயர்ப்பாளர் ஆக்காமல் ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள், அவனும் சாப்பிட வேண்டும் இல்லையா? மகன் சைகையில் சொல்லும்போதும் நீங்கள் விருந்தாளியைப் பார்த்தே பேசுங்கள். "அவருக்கு இன்னும் சாதம் வேணுமானு கேளுடா" என்பது வேண்டாம். பின்பக்கமாக வந்து இலையில் சாம்பாரை ஊற்றாதீர்கள், கரண்டியை முதலில் அவர் கண்ணில் படும்படி காட்டுங்கள்.

கூப்பிட வேண்டுமானால் தோளில் லேசாகத் தட்டலாம், அல்லது லைட்டை ஒருமுறை அணைத்துப் போடலாம். பாத்ரூம் சுவிட்ச் வெளியே இருக்கிற வீடென்றால், உள்ளே யார் என்று பார்க்காமல் அணைக்கும் பழக்கத்தை அந்த நாட்களுக்கு எல்லோரும் விட வேண்டும், கதவைத் தட்டியும் பயனில்லை. கரண்ட் போனால் அவருக்குப் பேச்சும் போய்விடும், அதனால் ராத்திரி படுக்கை அருகே ஒரு டார்ச் வையுங்கள். அவசரத்துக்கு எழுப்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், உள்தாழ் போடலாமா வேண்டாமா என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

அவரைத் தனியாக வீட்டில் விட்டுப் போகும்போது பால்காரர் மணி அடித்தால் கேட்காது என்பதை நினைவில் வையுங்கள். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று எழுதி வைக்காதீர்கள், எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும் என்று எழுதுங்கள்.